செக்கிங் வெள்ளியங்கிரியும் மூன்று மாத்திரைகளும்

ஒண்டிப்புதூரில் வெள்ளியங்கிரி வீடு எது என்று கேட்டால், எந்த வெள்ளியங்கிரி என்று திருப்பிக் கேட்பார்கள். செக்கிங் வெள்ளியங்கிரி என்றால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போவார்கள். அரசுப் பேருந்தில் பாதிக் காலம் கண்டக்டராகவும் மீதிக் காலம் செக்கிங் இன்ஸ்பெக்டராகவும் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நடுவழியில் கை காட்டி வண்டியை நிறுத்தி ஏறினாரென்றால் சீட்டில் இருக்கிற முகங்களை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பார். டிக்கெட் எடுக்காத ஆள் யாரென்று அந்த ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும் என்று டிப்போவில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் அப்படி எதுவும் அவருக்குத் தெரியாது. எல்லோர் மேலும் சந்தேகம் இருந்தது, அவ்வளவுதான். எல்லோரையும் சந்தேகப்பட்டால் யாராவது ஒருவர் மாட்டத்தானே செய்வார்.

இந்தக் குணம் வேலையில் சேர்ந்த பிறகு வந்ததல்ல. அவருடைய அப்பா சூலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. நீட்டிய காகிதத்திலெல்லாம் கட்டைவிரலை வைத்தார். குடியிருந்த சாளையும் அது நின்ற இடமும் அப்படித்தான் கையை விட்டுப் போயின. அந்தக் குடும்பத்தில் முதல் அரசாங்கச் சம்பளம் வாங்கிய வெள்ளியங்கிரி, எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. கல்யாணப் பத்திரிகையைக்கூட அச்சகத்தில் நின்றபடியே முழுதும் படித்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார் என்று அவர் மனைவி பூவாத்தாள் சொல்லிச் சிரிப்பாள்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. அவர் பற்பசையைச் சந்தேகப்பட்டார். வேறு பற்பசை வாங்கினார். அதற்கும் ரத்தம் வந்தது. பிறகு தொடையிலும் தோளிலும், எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே, நீலம் பாரித்த திட்டுகள் தோன்றின. மாடிப்படி ஏறினால் மூச்சிரைத்தது. சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் மகள் இனியா பிடிவாதமாக ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். அன்று சாயங்காலம் அவளுக்கு ஒரு போன் வந்தது. பேசி முடித்தவள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டாள். டிக்கெட் இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல இருந்தது அவருக்கு.

ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அதிலும் வேகமாக முற்றுகிற வகை. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் பழுத்து முதிராமல் பிஞ்சாகவே பெருகிக் குவிந்துவிடுகிற நோய். பரிசோதனைக்கூடத்தில் ரத்தக் குப்பி மாறிப்போயிருக்கும் என்றார் வெள்ளியங்கிரி. மறுபடி எடுக்கச் சொன்னார். அவர் கண்முன்னாலேயே குப்பியில் பெயர் எழுதி ஒட்டச் செய்தார். அதிலும் அதேதான் வந்தது.

கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையில் ரத்தநோய் மருத்துவர் ரங்கநாயகியிடம் சேர்ந்தார். நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணானது, காய்ச்சலில் வாரக்கணக்கில் கிடந்தார். ஒருவழியாக நோய் அடங்கியது. வீட்டுக்கு வந்து, புருவம் முளைத்து, மறுபடி மோட்டார் சைக்கிளை எடுத்துத் துடைக்கத் தொடங்கிய சமயத்தில், சோதனையில் பிஞ்சு அணுக்கள் திரும்பவும் தலைகாட்டின.

அந்த இரண்டாவது முறைதான் மாத்திரை வந்தது.

டாக்டர் ரங்கநாயகி நிதானமாகப் பேசுகிறவர். திரும்பி வந்த நோயின் அணுக்களை மரபணுச் சோதனைக்கு அனுப்பியதில் ஒரு குறிப்பிட்ட பிழை தெரிந்திருக்கிறது என்றார். பெருகு, பெருகு என்று ஓயாமல் உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கிற பிழை அது. அந்த உத்தரவை மட்டும் குறிவைத்து அடைக்கிற மாத்திரை இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் மூன்று விழுங்க வேண்டும், உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, வீட்டிலிருந்தே சாப்பிடலாம் என்றார். பிறகு ஜாக்கிரதைகளைச் சொன்னார். தினமும் எடை பார்க்க வேண்டும். காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், கால் வீக்கம், திடீரென எடை ஏறுவது, இவற்றில் எது வந்தாலும் அந்த நிமிஷமே போன் செய்ய வேண்டும். தன்னைக் கேட்காமல் வேறு எந்த மருந்தும், நாட்டு மருந்து உட்பட, தொடக்கூடாது. இதயத் துடிப்பை அடிக்கடி ஈசிஜி எடுத்துப் பார்ப்போம்.

இத்தனையும் இனியா கவனமாகக் கேட்டாள். பூவாத்தாள் தலையாட்டினாள். வெள்ளியங்கிரி கேட்கவில்லை. அவர் டாக்டரின் கண்ணையும் மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பெரிய நோய்க்கு ஊசியும் இல்லை, படுக்கையும் இல்லை, வீட்டுக்குப் போய் மாத்திரை சாப்பிடுங்கள் என்கிறார்களே. அவர் சித்தப்பாவையும் ஒருகாலத்தில் இப்படித்தான், இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பொட்டலம் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். சித்தப்பா அந்தப் பொட்டலம் தீரும்வரை இருக்கவில்லை.

"டாக்டரம்மா, இது நெசமாலுமே மருந்துங்களா?" என்று கேட்டார்.

டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. நிஜ மருந்துதான், நன்றாக வேலை செய்கிற மருந்து என்றார். நிஜமாகவே கைவிட்டிருந்தாலும் அதைத்தானே சொல்லியிருப்பார் என்று வெள்ளியங்கிரி நினைத்துக்கொண்டார்.

மாத்திரையை அவர் தவறாமல் விழுங்கினார். சந்தேகம் வேறு, ஒழுங்கு வேறு. ஆனால் வீட்டில் நடப்பதையெல்லாம் உன்னிப்பாகக் கவனிக்கத் தொடங்கினார். பூவாத்தாள் முன்பெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி போன் பேசுகிறவள். இப்போது போன் வந்தால் துவைக்கிற கல்லுப் பக்கம் போய்விடுகிறாள். அவர் அந்தப் பக்கம் போனால், சரி, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாள். ஒருநாள் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். பெருந்துறைத் தொழிற்பேட்டையில் வாட்ச்மேனாக இருக்கும் அவள் அண்ணன் மாசாணத்துடன்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியாமத்தான் பாத்துக்கறனுங்ண்ணா. தெரிஞ்சா உட மாட்டாரு. நீங்க கொடுமுடிக்குப் போறப்ப அதையுங் கேட்டுப்போட்டு வாங்க."

கொடுமுடி ஆற்றங்கரைக்கு ஜனங்கள் எதற்கெல்லாம் போவார்கள் என்று வெள்ளியங்கிரிக்குத் தெரியும். எத்தனையோ பேர் திதி கொடுக்கத் தலையில் துண்டோடு கொடுமுடி வண்டியில் ஏறி இறங்கியதைப் பார்த்தவர். ஆக, இவர்களுக்கெல்லாம் நாள் குறித்துச் சொல்லியாகிவிட்டது. தனக்கு மட்டும் சொல்லவில்லை. மாத்திரை சும்மா ஒரு சமாதானத்துக்கு.

அதற்குப் பிறகு எல்லாமே அதற்குச் சாட்சியாகத் தெரிந்தது. இனியா ஆபீஸ் கிளம்பும் முன் தினமும் வந்து, "இன்னைக்கு எடை எத்தனைங்கப்பா?" என்று கேட்பாள். எதற்காகக் கணக்கெடுக்கிறாள் இவள்? அவர் எடை பார்க்கும் மிஷினில் ஏறுவார், இறங்குவார், முதல் நாள் சொன்ன அதே எண்ணைச் சொல்லி அனுப்புவார். மிஷின் வேறு எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. நாளுக்கு நாள் அது ஏறிக்கொண்டே போனது. மிஷினும் பழுதாகிவிட்டது என்று முடிவு செய்தார்.

பூவாத்தாளோ பூரித்துப்போயிருந்தாள். அவருக்குக் கன்னம் மேடிட்டது, மோதிரம் விரலை இறுக்கியது, வீட்டுச் செருப்பு பற்றவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து, உடம்பு நல்லாத் தேறிடுச்சுங்களே என்றார்கள். அவள் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். கொடுமுடிக்கு ஒருமுறை போய்ச் சாமி கும்பிட்டு வந்துவிடலாமுங்க என்று நச்சரித்தாள். கொடுமுடி என்ற பேச்சை எடுத்தாலே அவர் எழுந்து போய்விடுவார்.

இடையில் ஒரு வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் காலத்திலிருந்து சிநேகிதரான நசுருதீன் உக்கடத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய், வழக்கமாகக் கொடுக்கிற இருமல் மாத்திரையைக் கொடுக்கச் சொன்னார். நசுருதீன் இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தார். மாத்திரையின் பெயரைக் கேட்டதும் எடுத்த அட்டையைத் திரும்ப வைத்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அதை சாப்புடறவங்களுக்கு நானா ஒண்ணுங் குடுக்க மாட்டேன். சில மருந்து அதோட சேந்தா இதயத் துடிப்பே தாறுமாறாயிரும். டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. வேண்டாம், நானே போட்டுத் தரட்டுங்களா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வருகிற வழியெல்லாம் இவனுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றுதான் மனம் அரற்றியது. சாகப் போகிறவனுக்கு இருமல் மாத்திரை எதற்கு என்று நினைத்திருப்பான். இருமலைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே கொடுமுடிக்குப் போகலாம் என்றார். பூவாத்தாளுக்கு ஆச்சரியம். அங்கே என்னதான் ஏற்பாடு செய்திருக்கிறார்கள், நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று அவர் முடிவு கட்டியிருந்தது அவளுக்குத் தெரியாது. இனியாதான் காரை ஓட்டினாள். கூட்டத்தில் நிற்கக்கூடாது, முகக்கவசத்தைக் கழற்றக்கூடாது, ஆற்றில் இறங்கவே கூடாது என்று ஆயிரம் நிபந்தனை போட்டுத்தான் கிளம்பினாள்.

அவினாசி தாண்டும்போதே வெள்ளியங்கிரிக்கு நெஞ்சில் ஒரு கனம் இருந்தது. சீட்டைச் சாய்த்தால் மூச்சு முட்டியது, நிமிர்ந்தால் கொஞ்சம் தேவலை. ஜன்னலை இறக்கினார். விஜயமங்கலம் வருவதற்குள் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. கண்ணாடியில் அப்பாவின் உதடு நீலம் பாரித்திருப்பதைப் பார்த்த இனியா வேறெதுவும் கேட்கவில்லை. பெருந்துறையில் கண்ணில் பட்ட முதல் மருத்துவமனைக்குள் காரைத் திருப்பினாள்.

சின்ன மருத்துவமனைதான். பணியில் இருந்த இளம் டாக்டர் சுறுசுறுப்பானவர். ஆக்சிஜன் வைத்தார், மார்பை எக்ஸ்ரே எடுத்தார். நுரையீரல் முழுக்கச் சளி மாதிரி இருக்கிறது, கிருமித் தொற்றாக இருக்கும் என்று மருந்து ஏற்ற ஆயத்தமானார். அதற்குள் இனியா போனில் ரங்கநாயகியைப் பிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையானாலும் அவர் எடுத்தார். இனியா ஒலியைப் பெரிதாக வைத்துப் படுக்கைக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

ரங்கநாயகி முதலில் கேட்டது எடையைத்தான். இனியா தினமும் அப்பா சொன்ன எண்ணைச் சொன்னாள். ஆரம்பத்திலிருந்து மாறவே இல்லை என்றாள்.

எல்லோரும் வீங்கியிருந்த அவர் முகத்தைப் பார்த்தார்கள். பேருந்தில் தான் ஏறியதும் சிலர் சட்டைப்பையைத் தடவித் தடவி நேரத்தைக் கடத்துவார்களே, அந்த நிலைமையில் இருந்தார் வெள்ளியங்கிரி. ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினார்.

"அது பொய்யுங்க," என்றார். "ஏறிட்டேதானுங்க இருக்குது. இருமலும் இருக்குதுங்க."

அந்தப் பக்கம் ஒரு கணம்கூடத் தயக்கம் இல்லை. ரங்கநாயகி அந்த இளம் டாக்டரிடம் ஏற்றப்போகிற மருந்தின் பெயரைக் கேட்டுவிட்டு நேரடியாகப் பேசினார். இந்த மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்போது, பிஞ்சாகக் கிடந்த அணுக்களெல்லாம் ஒரேயடியாக முதிர ஆரம்பிக்கும், சிலருக்கு அப்போது உடம்பெல்லாம் நீர் கோத்து நுரையீரல்வரை வந்துவிடும், உயிருக்கே ஆபத்து. உறுதிப்படுத்தக் காத்திருக்க வேண்டாம், ஸ்டீராய்டு ஊசியை இப்போதே போடுங்கள். தொற்றுக்கும் சேர்த்துப் பாருங்கள், ஆனால் கையில் எடுத்திருக்கிற அந்த மருந்து வேண்டாம், இதயத் துடிப்பைக் கெடுக்கும், முதலில் ஈசிஜி. இளம் டாக்டர் ஒரு நொடி தயங்கினார், பிறகு செவிலியிடம் ஊசியை மாற்றச் சொன்னார். பிற்பாடு வெள்ளியங்கிரி இதை அடிக்கடி நினைத்துக்கொள்வார். முகம் தெரியாத ஒரு குரலை அந்தப் பையன் எப்படி நம்பினான்?

போனை வைக்கும் முன் ரங்கநாயகி இன்னொன்று கேட்டார். இந்த மாத்திரையைத் தவிர வேறு ஏதாவது சாப்பிட்டாரா?

இனியா இல்லை என்றாள். வெள்ளியங்கிரியும் இல்லை என்று தலையை ஆட்டினார். நசுருதீன் கொடுக்கவில்லையே.

பூவாத்தாள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"நாந்தானுங்க குடுத்தேன்," என்றாள். "கொடுமுடிகிட்ட ஒரு வைத்தியருங்க. எங்கண்ணன் பொடி வாங்கியாந்து குடுத்தாரு. ராகிக் கஞ்சியில கலந்து குடுத்துப்போட்டனுங்க. உடம்பு ஏறவும் பொடிதான் கேக்குதுன்னு இருந்தேன்."

ரங்கநாயகி கோபப்படவில்லை. அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று தனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அதுதான் பயமே என்றார். இப்போதாவது சொன்னீர்களே, நல்லது. இனி கொடுக்க வேண்டாம். ஈரலையும் சோதிக்க வேண்டும். கொஞ்சம் சமாளித்ததும் ஆம்புலன்ஸில் கோவைக்கு அனுப்புங்கள் என்றார்.

ஊசி இறங்கிய பிறகு ஆம்புலன்ஸ் வரும்வரை கணவனும் மனைவியும் தனியாக இருந்தார்கள். இனியா வெளியே யாருடனோ போன் பேசிக்கொண்டிருந்தாள். வெள்ளியங்கிரி முகமூடிக்குள்ளிருந்து விட்டுவிட்டுப் பேசினார். தெரிஞ்சா விடமாட்டார் என்று அன்றைக்குத் துவைக்கிற கல்லடியில் பேசியது இந்தப் பொடியைத்தானா என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள்.

"நான் பொழைக்க மாட்டேன்னு உங்ககிட்டச் சொல்லிப்போட்டாங்கன்னு நெனச்சேன், பூவாத்தா. கொடுமுடியில எனக்குக் காரியம் பண்ணத்தான் கேட்டு வெச்சிருக்கீங்கன்னு."

பூவாத்தாள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவளுக்குக் கோபமா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. முகத்தைப் படிக்கிற வித்தை அன்றைக்குப் பலிக்கவில்லை.

"ஏனுங்க, அதைய எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லங்க?" என்றாள்.

உடம்பில் மெல்ல மூச்சு இறங்கத் தொடங்கியிருந்தது. அவள் கையை அவர் பிடித்துக்கொண்டார், அவளும் விடவில்லை.

கோவையில் ஸ்டீராய்டும் நீர் பிரிகிற மருந்தும் கொடுத்தார்கள். ஓரிரு நாளில் நுரையீரல் தெளிந்தது. ஏறியிருந்த எடையெல்லாம் நீராக இறங்கி, கன்னம் மறுபடி ஒட்டியது. பூவாத்தாளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இதுதான் அவருடைய நிஜ எடை என்று இனியா அவளுக்குச் சொல்லிப் புரியவைத்தாள். ஈரல் கொஞ்சம் சிரமப்பட்டிருந்தது, அதுவும் பொடியை நிறுத்திய பிறகு படிப்படியாகச் சரியானது. பொடியால்தானா, மாத்திரையாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் ரங்கநாயகி. மாசாணம் ஆஸ்பத்திரிக்கு வந்து, காவல்காரத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலடியில் நின்றார். வெள்ளியங்கிரி அவரை உட்காரச் சொன்னார். நல்லதுக்குத்தானே செஞ்சீங்க மச்சான், ஆனா இனிமேல் எங்கிட்டச் சொல்லிப்போட்டுச் செய்யுங்க என்றதோடு விட்டுவிட்டார்.

ஒரு விஷயம் மட்டும் அவர் மனசுக்குள் தங்கிவிட்டது. அந்த வீக்கமும் மூச்சிரைப்பும் மாத்திரை வேலை செய்ததால் வந்தவை. சமாதானத்துக்குக் கொடுத்த மாத்திரையாக இருந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. ரங்கநாயகியிடம் இதைச் சொன்னபோது அவர், அப்படியும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தயவுசெய்து இன்னொரு முறை அதை இப்படிச் சோதித்துப் பார்க்காதீர்கள் என்றார்.

மாத்திரையை மறுபடி தொடர்ந்தார்கள். இப்போது ஜாக்கிரதைகளை வெள்ளியங்கிரியே கேட்டுக்கொண்டார். எதற்காக எடை, எதற்காக ஈசிஜி, தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் என்ன செய்ய வேண்டும், வாந்தி எடுத்துவிட்டால் திரும்ப விழுங்கலாமா என்று கேள்வி மேல் கேள்வியாக அடுக்கினார். விழுங்கக்கூடாது, மறுநாள் வழக்கமான நேரத்துக்கு எடுத்தால் போதும் என்றார் டாக்டர். எதனால் என்று அதையும் கேட்டார். வெளியே காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். வீட்டில் இனியாவுக்கு எடையை உள்ளது உள்ளபடி சொன்னார். கூடுதலாக, அவளையும் கூப்பிட்டு மிஷின் முன்னால் நிற்கவைத்தார். தான் சொல்வதை யாரும் அப்படியே நம்பிவிடக்கூடாது என்பது அவர் வாதம்.

சில மாதம் கழித்து மஜ்ஜையை மறுபடி சோதித்தார்கள். பிஞ்சு அணுக்கள் காணப்படவில்லை. நோய் அடங்கியிருக்கிறது, ஆனால் இந்த வகை திரும்பி வரக்கூடியது, மகளின் மஜ்ஜை பாதி பொருந்துவதால் அதை எடுத்து இவருக்கு ஏற்றுகிற மாற்று சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும், வயதையும் உடம்பையும் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும் என்று ரங்கநாயகி எதையும் மறைக்காமல் சொன்னார். அது இன்னும் முடிவாகவில்லை. இனியா தயாராக இருக்கிறாள். அவர்தான், அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறார்.

மஜ்ஜைச் சோதனையின் முடிவைக் கேட்ட அன்று வெள்ளியங்கிரி டாக்டர் அறையை விட்டு எழுந்திருக்கவில்லை. இதே சோதனையை வேறொரு பரிசோதனைக்கூடத்திலும் பார்த்துவிடலாமுங்களா என்று மெதுவாகக் கேட்டார். பூவாத்தாள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். ரங்கநாயகி சிரித்துவிட்டு, எடுத்த மஜ்ஜையில் மிச்சம் இருக்கிறது, தாராளமாக அனுப்பலாம் என்றார். அங்கிருந்தும் அதே முடிவுதான் வந்தது. அதைப் படித்துவிட்டு மத்தியானச் சோறு தின்றவர், விளக்கு வைக்கிற நேரம்வரை அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். நடுவில் ஒரு போன் வந்தது. அவர் விழித்துவிடக்கூடாதென்று பூவாத்தாள் அதை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுப் பக்கம் போய்ப் பேசினாள்.